கடல் கொண்டுபோகும் முன் எழுதி வைப்போம்

வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை. வடக்கே போனால் நாகப்பட்டினம். மேற்கே திரும்பினால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். இந்தப் பெயர்களின் கடைசியில் உள்ள சொற்கள் சும்மா வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. தோணியும் கப்பலும் வந்து நின்ற இடம் துறை. வணிகர்கள் குடியேறிப் பெருகிய கடற்கரை ஊர் பட்டினம். சரக்கு இறக்கி விற்ற சந்தை பேட்டை. இன்று தோப்புத்துறையில் நின்று பார்க்கும் ஒருவருக்கு இங்கே ஒரு துறைமுகம் இருந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தின் துறைமுகங்களாக எழுதி வைக்கப்பட்டவை ஒன்றிரண்டு அல்ல. நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி, தோப்புத்துறை, கோடியக்கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று அந்த வரிசை நீண்டது. காவிரிப் படுகையில் விளைந்த நெல் அரிசியாகி இந்தத் துறைகள் வழியாகத்தான் இலங்கைக்குப் போனது. வேதாரண்யத்து உப்பை நாகப்பட்டினத்துக்குப் படகில் கொண்டுபோக 1860களில் கால்வாயே வெட்டினார்கள். வேதாரண்யம் கால்வாய் என்று இன்றும் அதற்குப் பெயர்.

வேளாங்கண்ணியுமா துறைமுகம் என்று நம்மில் சிலர் வியக்கலாம். ஆனால் அன்னையின் திருத்தல வரலாற்றை நாம் சொல்லும்போதே அதில் ஒரு கப்பல் வந்துவிடுகிறதே! மக்காவோவிலிருந்து இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, அன்னையிடம் மன்றாடி, செப்டம்பர் 8ஆம் நாள் இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது வழிவழியாக வரும் மரபு. அவர்கள் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும், விவிலியக் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைப் பேராலயத்தின் பீடத்தில் பதித்து வைத்திருப்பதைத் திருப்பயணிகள் பார்த்திருப்பார்கள். நாம் அவற்றைப் பக்தியோடு பார்க்கிறோம். ஒரு வரலாற்று ஆசிரியருக்கோ, சீனக் கடலுக்கும் நம் கரைக்கும் இடையே கப்பல் ஓடியதன் அடையாளமும் அதுவே.

இத்தனை துறைகள் ஏன் இந்த ஒரே மூலையில் நெருங்கி அமைந்தன? காரணம் நில அமைப்பில் இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய நேராக வரும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கோடி என்றால் முனை, கடைசி என்பது பொருள். முனைக்கு வடக்கே ஆழமான வங்கக்கடல். மேற்கே பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத பாக் நீரிணை. எதிரே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் கரை. பாய்மரக் காலத்தில் வாடைக்காற்றில் தெற்கே வருகிறவர்களும் சோழகக் காற்றில் வடக்கே போகிறவர்களும் இந்த முனையைப் பார்த்துத்தான் வழி திருப்ப வேண்டும். இருட்டில் முனை தெரியாவிட்டால் மணல் திட்டில் ஏறி நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் கோடியக்கரையில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பூங்குழலியோடு சேர்த்து அந்தக் கலங்கரை விளக்கமும் நினைவிருக்கும். கதையில் மட்டும் இருந்ததல்ல அது. சோழர் காலத்தது என்று மக்கள் சொல்லிவந்த, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஒரு பழைய கோபுரம் கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி அதைத் தகர்த்தது. இன்று எஞ்சியிருப்பது உடைந்த அடிப்பகுதி. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளை இழந்தோம். உயிர்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு பழைய செங்கல் கோபுரத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருக்க முடியும்? அப்படிக் கவலைப்படாததில் குற்றமும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிய குறிப்புகளைப் பேரிடருக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பேரிடர் வந்த பிறகு அதற்கு நேரமும் இருக்காது, மனமும் இருக்காது.

சுனாமி பருவநிலை மாற்றத்தால் வந்ததல்ல என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது கடலுக்கு அடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் வந்தது. இப்போதெல்லாம் கடலோரத்தில் எது நடந்தாலும் ‘பருவநிலை மாற்றம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது சரியன்று. பழைய துறைமுகங்கள் வெவ்வேறு விதமாக அழிகின்றன. எது எப்படி அழிகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்ற முடியும் என்பதும் தெரியும்.

முதல் விதம், தூர்ந்து போவது. வேதாரண்யம் பக்கத்தில் கடல் நிலத்தைத் தின்னவில்லை. மாறாக, மணலைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து கோடியக்கரை வரை வரிசை வரிசையாகக் கிடக்கும் மணல் மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. இந்தக் கரை வேகமாக வளர்ந்துவருவதைப் புவியியலாளர்கள் 1990களிலேயே ஆய்வு செய்து வெளியிட்டார்கள். நிலம் வளர்வது நல்லதுதானே என்று தோன்றும். துறைமுகத்துக்கு அது மரணம். கப்பல் நின்ற ஆழத்தில் மணல் ஏறினால் துறை தூர்ந்துபோகும், வணிகர்கள் வேறு ஊர் தேடிப் போவார்கள். பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது விதம், கடலரிப்பு. தரங்கம்பாடிக்குப் போனவர்கள் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோவிலைப் பார்த்திருக்கலாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோவில் அது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இன்னும் வடக்கே பூம்புகார். அங்கே 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைக் கட்டுவதற்காக நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. நிலத்துக்கு அடியில் கிடைத்தது அது. கடலுக்கு அடியில் கிடப்பவை வேறு. 1980களிலிருந்து கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் அங்கே மூழ்கித் தேடிக் கட்டட எச்சங்களைக் கண்டறிந்தது.

அரிப்புக்கும் பல காரணங்கள் உண்டு. காவிரி கொண்டுவரும் வண்டலும் மணலும்தான் இந்தக் கரையின் உணவு. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை வந்தபிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. டெல்டா விவசாயிகள் மேட்டூர்த் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாளில்லை. மேட்டூர் வண்டலைப் பற்றி யாரும் பேசுவதில்லை! அதோடு, ஓர் ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால், கரையோரமாக வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டு அடுத்த ஊரின் கரை அரிக்கப்படுவதும் நாம் கண்ணால் பார்ப்பதே.

இவற்றின் மேல் இப்போது பருவநிலை மாற்றம் வந்து ஏறியிருக்கிறது. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் அறிவியல் குழு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வேகம்தான் கவனிக்க வேண்டியது. கடந்த நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் என்றிருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில் 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. மலையோரக் கடற்கரையில் 20 சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. வேதாரண்யம் சதுப்பு நிலமும் உப்பளங்களும் கடல்மட்டத்தை ஒட்டியே பாய் விரித்ததுபோல் கிடப்பவை. இங்கே தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் வெகுதூரம் உள்ளே வரும்.

புயலின்போது இது இன்னும் மோசமாகும். காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அந்த நீர் அடியில் திரும்பிப் போக வழியுண்டு. ஆழம் குறைந்த இடத்தில் வழியில்லாமல் மேலெழும்பி ஊருக்குள் வருகிறது. 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னைகள் சாய்ந்ததையும் கூரைகள் பறந்ததையும் எல்லாரும் எழுதினார்கள். அதிகம் எழுதப்படாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் புயல் வேதாரண்யம் கடற்கரையில் கடலடிச் சேற்றை அள்ளி வந்து கொட்டியது. மணல் கரையாக இருந்த இடம் காலை விடிந்தபோது கால் புதையும் சேறாகக் கிடந்தது. ஒரு பழைய துறை தூர்வதற்கு நூறு ஆண்டுகள் ஆகும் என்றுதான் புத்தகங்களில் படிக்கிறோம். ஒரே இரவிலும் ஆகும் என்பதை நம் மக்கள் கண்டார்கள். இத்தகைய கடும் புயல்கள் இனி இன்னும் வலுப்பெறக்கூடும் என்பதே அறிவியலாளர்களின் எச்சரிக்கை.

சரி, எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியுமா? முடியாது. இதை ஒளிக்காமல் சொல்வதே நல்லது. மக்கள் குடியிருக்கும் ஊர்களுக்கே தடுப்புச் சுவர் போதாத நிலையில், ஒவ்வொரு இடிந்த சுவருக்கும் முன்னால் கல்லைக் கொட்ட எந்த அரசாலும் இயலாது. ஆனால் காப்பாற்ற முடியாததையும் பதிவு செய்ய முடியும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நாகப்பட்டினத்துக் கதை ஒன்று போதும். நம் திருச்சபையும் சம்பந்தப்பட்ட கதை அது.

சோழர் காலத்தில் நாகப்பட்டினம் பெரும் துறைமுகம். கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு அரசர் சூளாமணிவர்மர் தம் நாட்டுப் பௌத்த வணிகர்கள் வழிபட அங்கே ஒரு விகாரம் கட்டத் தொடங்கினார். அவருடைய மகன் காலத்தில் அது முடிந்தது. முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். சைவப் பேரரசன் ஒருவன் அயல்நாட்டவரின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தது துறைமுக நகரங்களுக்கே உரிய பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகள் கழித்து, விகாரங்களெல்லாம் மறைந்த பின்னும், நகருக்கு வடக்கே ஒரு பழைய செங்கல் கோபுரம் மட்டும் நின்றது. சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் மக்கள் அதை அழைத்தார்கள். கடலிலிருந்து வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாகப் பயன்பட்டது.

1846ஆம் ஆண்டு சர் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்க்கப் போனார். நாற்புறமும் உள்ள மூன்று அடுக்குக் கோபுரம், சாந்து இல்லாமல் நெருக்கமாக அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாசல் போன்ற திறப்பு, அடுக்குகளைப் பிரிக்கும் விளிம்பு வேலைப்பாடு என்று கண்டதைக் குறித்துக்கொண்டார். கோபுரத்தின் படமும் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் இயேசு சபைக் குருக்கள் நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திவந்தார்கள். திருச்சியில் இன்று புகழோடு விளங்கும் புனித வளனார் கல்லூரிதான் அது. 1844இல் நாகையில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறியது. 1856இல் அவர்களுடைய இடத்தில் வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து புத்தர் சிலைகள் வெளிப்பட்டன. கோபுரமோ இடியும் நிலையில் இருந்தது. அதை இடித்துக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டார்கள். உடனே கிடைக்கவில்லை. 1867ஆம் ஆண்டு அரசு அனுமதித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது.

அக்குருக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் தேவைப்பட்டது, பக்கத்தில் விழும் நிலையில் ஒரு கட்டடம் நின்றது, அக்காலத்தில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதே நேரத்தில் நாம் நம்மிடமே மறைக்கவும் வேண்டாம். சோழர் துறைமுகத்தின் கடைசிக் கோபுரத்தை வீழ்த்தியது கடலன்று, நம்மவர்களே. இன்று அந்தக் கோபுரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எலியட் 1878ஆம் ஆண்டு அச்சிட்ட ஒரு கட்டுரையிலிருந்தும் அதிலுள்ள படத்திலிருந்தும் வந்தது. ஒரு மனிதர் நின்று பார்த்து எழுதி வைத்ததால் கட்டடம் போனபின்னும் அதன் உருவம் நமக்கு மிஞ்சியது.

இராசராசனின் கொடையும் அப்படித்தான். அது செப்பேடுகளில் எழுதப்பட்டிருந்தது. டச்சுக்காரர் காலத்தில் அந்த ஏடுகள் நெதர்லாந்துக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் ‘லைடன் செப்பேடுகள்’ என்றே பெயர் பெற்றன. நாகையின் மண்ணிலிருந்து 1930கள் வரை 350க்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை முறையாக ஆராய்ந்து தி. நா. இராமச்சந்திரன் 1954இல் நூல் எழுதினார். விகாரம் இல்லை, கோபுரம் இல்லை, 1658இல் நாகையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரரின் கோட்டையும் இல்லை. ஆயினும் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தின் வரலாற்றை எழுத முடிகிறது. தோப்புத்துறைக்கும் ஆறுகாட்டுத்துறைக்கும் அப்படி எழுத என்ன இருக்கிறது?

பதிவு என்பது நினைவுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்கும் அதுவே முதற்படி. மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணைகள் (2011, 2019) தொல்லியல் முக்கியத்துவமுள்ள கட்டடங்களையும் மரபுச் சின்னங்கள் உள்ள இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்க்கின்றன. நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. பட்டியலிலும் இல்லாமல் வரைபடத்திலும் இல்லாமல் கருவைக் காட்டுக்குள் கிடக்கும் ஒரு பழைய கிட்டங்கிச் சுவரைச் சாலை போடுகிறவர் இடித்தால், எந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்துவது? தரங்கம்பாடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி பெற்று அங்கே கோட்டை கட்டியது முதல் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது வரை வரைபடமும் கணக்கும் கடிதமுமாக எழுதிக் குவித்தார்கள். சுனாமிக்குப் பிறகு அந்த ஊரின் பழைய வீடுகளையும் கோட்டையையும் சீர்செய்ய அரசும் இன்டாக் அமைப்பும் டென்மார்க் நாட்டவரும் முன்வந்தபோது, எது எங்கே எப்படி இருந்தது என்று காட்ட ஆவணங்கள் கையில் இருந்தன.

இதற்குப் பெரிய நிபுணர்கள்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தில் கடலரிப்பால் ஆபத்திலுள்ள பழைய இடங்களை 2012 முதல் 2016 வரை ஒரு திட்டத்தின் கீழ்ப் பொதுமக்களே போய்ப் பார்த்து, படமெடுத்து, நிலைமையை எழுதி அனுப்பினார்கள். நிபுணர்கள் அதை வைத்து எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்தார்கள். கடற்கரை நீளமானது, நிபுணர்கள் சிலரே. அன்றாடம் அந்தக் கரையில் நடப்பவர்களின் கண்களைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அறிவு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு எழுதிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், இயற்கையைப் போலவே வரலாறு, கலை, பண்பாடு ஆகியவற்றின் மரபுச் செல்வமும் ஆபத்தில் உள்ளது என்று கவலைப்பட்டிருக்கிறார். கடற்கரைப் பங்குகளாகிய நம்மிடம் இந்த மரபின் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. பங்கு அலுவலகத்துப் பீரோவில் இருக்கும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைச் சொல்கிறேன். பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, யாரோடு உறவு கொண்டது என்று சொல்கிறது. ஒரு கடற்கரை ஊரில் திடீரென இலங்கை ஊர்ப் பெயர்களோ தூத்துக்குடிப் பக்கத்துப் பெயர்களோ அதிகமானால், அந்த ஆண்டுகளில் தோணிகள் எங்கே போய்வந்தன என்பதற்கு அது சாட்சி. புனித பிரான்சிஸ் சவேரியார் 1545ஆம் ஆண்டு ஏப்ரலில் நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டதால்தான் அவர் இங்கே தங்கியது ஐயமின்றித் தெரிகிறது. நம் பதிவேடுகளைக் கடற்காற்றும் கரையானும் அரித்துக்கொண்டிருக்கின்றன. தரையோடு தரையாக உள்ள அலமாரியில் அவற்றை வைத்தால் அடுத்த வெள்ளத்தில் முடிந்துவிடும். மேல் மாடிக்கு ஏற்றுங்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியைக் கடலோரத்துக்கு அப்பால், மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வையுங்கள்.

அடுத்தது, கரையை அளப்பது. ஆலயக் கொடிமரமோ கிணற்றுச் சுவரோ நகராத ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே நாளில், கடல் உயர்ந்து ஏறும் கோடு வரை நாடாவால் அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். பழைய கட்டடம் ஏதாவது இருந்தால், ஒரு அளவுகோலைப் பக்கத்தில் சாத்தி நான்கு புறமும் படமெடுத்து, கைப்பேசி காட்டும் ஜி.பி.எஸ். இருப்பிடத்தையும் குறிக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படம் அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து உயரம் சொல்ல முடியாது. கோடியக்கரை முனையும் சுற்றுப்புறமும் வனத்துறையின் சரணாலயம், கடற்படை கண்காணிக்கும் எல்லைப் பகுதியும்கூட. அங்கே போக அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லையோ செங்கல்லையோ நினைவாக வீட்டுக்கு எடுத்துவருவது கூடவே கூடாது. மண்ணில் காசோ சிலையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பெரியவர்களின் பேச்சு. பழைய துறைக்குள் நுழையும் வழி எது, எந்த மரத்தையும் எந்தக் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கரையேறினார்கள், வத்தையில் என்னென்ன சரக்கு போனது, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய காற்றுகள் முன்பு எந்த மாதத்தில் மாறின, இப்போது எப்படி மாறுகின்றன என்பதெல்லாம் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. நம் ஊர்களில் இந்தக் கதைகள் மதம் பார்த்துப் பிரிவதில்லை. தோப்புத்துறையிலும் நாகூரிலும் உள்ள இஸ்லாமியக் குடும்பங்களுக்குக் கப்பல் வணிகம் பற்றித் தெரிந்தது நமக்குத் தெரியாது. மீனவப் பஞ்சாயத்தாரிடம் உள்ள எல்லைக் கணக்குகள் வேறு யாரிடமும் இல்லை. எனவே பங்குக்குள் மட்டும் கேட்டு எழுதினால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

அரசின் கவனமும் இப்போது கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கடலுக்கடியில் ஆய்வு நடத்தப்படும் என்று தமிழக அரசு 2025ஆம் ஆண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பூம்புகார்க் கடலில் பணி தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் நாள் பயணிகள் கப்பல் விடப்பட்டு, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியபோது, பழைய துறையைப் பற்றிய பேச்சு பத்திரிகைகளில் மீண்டும் வந்தது. ஆனால் அரசு அறிவித்த அந்த ஆய்வின் எல்லை நாகையோடு நிற்கிறது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை வரையான கரை அதற்கு வெளியே இருக்கிறது.

அந்தக் கரையில் தொடங்குவதற்கு ஏற்ற காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாமல் கரையில் நிற்கும். ஆண்கள் வலை சீர்செய்துகொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், பெரியவர்களுக்குப் பேச நேரமிருக்கும். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. இளையோர் இயக்கத்தினர் இரண்டு இரண்டு பேராக ஒரு நோட்டும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போனால், தடைக்காலம் முடிவதற்குள் ஓர் ஊரை முடித்துவிடலாம். எண்பது வயதைக் கடந்தவர்களின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.